ஆண்டுக் கடைசி ஷட்டவுனும் கான்ட்ராக்டர் சம்பளமும்: அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தொடங்கிப் புத்தாண்டு வரை அமெரிக்காவில் பல கம்பெனிகள் மொத்தமாக மூடிவிடுகின்றன. நிரந்தர ஊழியர்களுக்கு அது சம்பளத்தோடு கிடைக்கும் விடுமுறை. அதே டீமில் ஏஜென்சி மூலம் வேலை பார்ப்பவருக்கோ, "இந்த நாட்களுக்கு டைம்ஷீட் போட வேண்டாம்" என்று ஒரு மெயில் மட்டும் வரும். வெண்டார், ஸ்டாஃபிங் ஏஜென்சி வழியாக ஐடி வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சம்பளம் உண்டா என்பது கிளையண்ட் கதவைச் சாத்துவதால் முடிவாவதில்லை. டபிள்யூ-2 (முதலாளி தரும் சம்பள வரிப் படிவம்) தருவது யார், சம்பளம் மணிக்கணக்கா வருடக்கணக்கா, என்ன விசா, இந்த மூன்றும்தான் அதை முடிவு செய்கின்றன.

கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சம்பளமும் தராமல் இருப்பது சட்டப்படி செல்லுமா?

மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் குடிமகன், கிரீன் கார்டுக்காரர், எச்-4 ஈஏடி (எச்-1பி-க்காரரின் துணைவருக்கான வேலை அனுமதி) போன்ற அனுமதியில் இருப்பவர் என்றால் பொதுவாகச் செல்லும். 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம் வேலை செய்த நேரத்துக்குத்தான் கூலி கேட்கிறது. தனியார் கம்பெனி விடுமுறை நாளுக்குச் சம்பளம் தந்தாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கிடையாது, கிறிஸ்துமஸுக்குக்கூட. நியாயமா என்று கேட்டால் இல்லை என்போம். ஆனால் வழக்குப் போட அது போதாது.

நிரந்தர ஊழியருக்குக் கிடைப்பது எனக்கு ஏன் இல்லை? பத்து நாள் சம்பளம் தருவது இவர்களுக்குப் பெரிய காசா?

காசு மட்டும் காரணமில்லை. மைக்ரோசாஃப்டில் வருடக்கணக்காக "தற்காலிக" ஆட்களாக இருந்தவர்கள், தாங்களும் ஊழியர்கள்தான் என்று தொடுத்த விஸ்கைனோ வழக்கு 2000-ஆம் ஆண்டு 9.7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு பெரிய கம்பெனிகள் கான்ட்ராக்டரைத் தம் சலுகைகளின் பக்கமே அண்டவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. விடுமுறைச் சம்பளத்தைத் தாமே கொடுத்தால் "நீங்களும் முதலாளிதான்" என்று நாளை யாராவது வாதாடலாம் என்ற பயம். எனவே கிளையண்ட் மேனேஜரிடம் போய் முறையிடுவதால் பயனில்லை. மனமிருந்தாலும் அவர் கையில் அதிகாரமில்லை. பேச வேண்டிய இடம் உங்கள் ஏஜென்சி.

ஏஜென்சிக்கு அழுத்தம் கொடுக்கக் கிளையண்டால் முடியும் என்பதும் உண்மை. 2015-இல் அதே மைக்ரோசாஃப்ட், 50 பேருக்கு மேல் வைத்திருக்கும் தன் சப்ளையர்கள் அவர்களுடைய ஆட்களுக்கு வருடம் 15 நாள் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. உங்கள் கிளையண்டிடம் அப்படி ஒரு சப்ளையர் விதி இருக்கிறதா என்று ஏஜென்சியைக் கேட்டுப் பாருங்கள். இருந்தும் சொல்லாமல் விடுவார்கள்.

மொத்தத்தில் எவ்வளவு போகும்?

2026 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். 24 வியாழன், 25 வெள்ளி. அடுத்த வாரம் 28 முதல் ஜனவரி 1 வரை ஐந்து நாள். ஆக ஏழு வேலை நாள், 56 மணி நேரம். மணிக்கு 60 டாலர் என்றால் 3,360 டாலர். வரி பிடித்ததுபோகக் கையில் வருவதில் குறையும் தொகை இதைவிடக் கொஞ்சம் கம்மி.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் இந்த அடி ஜனவரி நடுவில் வரும் ஒரே காசோலையில் மொத்தமாக விழலாம். வாடகை, கார் தவணை எல்லாம் வழக்கம்போல ஒன்றாம் தேதியே வந்து நிற்கும். அக்டோபரிலிருந்தே ஒவ்வொரு சம்பளத்திலும் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது நல்லது.

நான் மணிக்கணக்கு இல்லை, வருடச் சம்பளம். எனக்கும் பிடிப்பார்களா?

ஓவர்டைம் விலக்குள்ள (எக்ஸெம்ப்ட், அதாவது கூடுதல் நேரத்துக்குத் தனிக் கூலி கிடையாத), சம்பள அடிப்படையில் இருக்கும் ஊழியருக்கு விதி வேறு. ஒரு வேலை வாரத்தில் கொஞ்சமேனும் வேலை செய்திருந்தால் அந்த வாரத்தின் முழுச் சம்பளத்தையும் தர வேண்டும். கம்பெனி தன் வசதிக்காக மூடிய நாட்களுக்குப் பிடித்தம் செய்யக் கூடாது. வாரம் முழுக்க ஒரு வேலையும் செய்யாவிட்டால்தான் அந்த வாரச் சம்பளத்தை நிறுத்தலாம்.

மேலே சொன்ன தேதிகளில் பொருத்திப் பாருங்கள். டிசம்பர் 21, 22, 23 வேலை செய்தீர்கள் என்றால் 24, 25-க்கும் சேர்த்து முழு வாரச் சம்பளம் உண்டு. 28-ஆம் தேதி தொடங்கும் வாரத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்றால் அந்த வாரத்தை நிறுத்தலாம். ஏழு நாளையும் பிடித்திருந்தால் இரண்டு நாளைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். இந்த நாட்களை உங்கள் விடுப்புக் கணக்கில் கழித்துக்கொண்டு முழுச் சம்பளம் போட்டால் அது தவறில்லை.

ஐடிக்காரர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கணினி வல்லுநர்களுக்கு மட்டும், மணிக்கு 27.63 டாலருக்குக் குறையாமல் கொடுத்தால், மணிக்கணக்குச் சம்பளத்திலேயே கூட்டாட்சி ஓவர்டைம் விலக்கு பொருந்தும். ஆகவே "நான் எக்ஸெம்ப்ட்தானே" என்று முழு வார விதியைக் கொண்டுபோய் நீட்ட முடியாது. ஆஃபர் லெட்டரில் சம்பளம் வாரத்துக்கோ வருடத்துக்கோ இவ்வளவு என்று போட்டிருக்கிறதா, மணிக்கு இவ்வளவு என்றா? அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஷட்டவுன் நடுவில் புரொடக்‌ஷன் விழுந்துவிட்டது, கூப்பிட்டார்கள், அரை மணி நேரம் பார்த்துச் சரிசெய்தேன். அதற்கு?

மணிக்கணக்குக்காரருக்கு அந்த அரை மணிக்குச் சம்பளம் உண்டு. "முன் அனுமதி வாங்கவில்லை" என்பது உங்களைக் கண்டிக்கக் காரணமாகலாம்; வேலையைச் செய்ய விட்டபிறகு கூலி தராமல் இருக்கக் காரணமாகாது. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், டிக்கெட் எண் நான்கையும் குறித்து அன்றைக்கே ஏஜென்சிக்கு மெயில் போடுங்கள். டைம்ஷீட் தளம் பூட்டியிருந்தால் இந்த மெயில்தான் சாட்சி.

வருடச் சம்பளக்காரருக்கு அந்த அரை மணி நேரம் ஒரு வாரச் சம்பளத்தையே திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஷட்டவுனில் விபிஎன்-ஐ முடக்கி, லேப்டாப்பைத் திறக்காதே என்று கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். உங்கள் ஓய்வு மேல் உள்ள கரிசனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் எச்-1பி-யில் இருக்கிறேன். கிளையண்ட் மூடினால் சம்பளம் கிடையாது என்கிறார் வெண்டார்.

இந்தப் பக்கத்தில் அதிகம் பேருடைய பணம் போகும் இடம் இது. எச்-1பி விதி (20 சிஎஃப்ஆர் 655.731) நேரடியாகவே சொல்கிறது: முதலாளியின் முடிவாலோ, கொடுக்க வேலை இல்லாததாலோ ஊழியர் சும்மா இருந்தால், எல்சிஏ-வுக்கு (எச்-1பி-க்காக முதலாளி தொழிலாளர் துறையிடம் தரும் சம்பள உறுதிமொழி) உட்பட்ட சம்பளத்தை முதலாளி தந்தே ஆக வேண்டும். வருடச் சம்பளம் என்றால் சம தவணைகளாகப் பிரித்து, மாதம் ஒருமுறைக்குக் குறையாமல். முழுநேர மனு போட்டு மணிக்கணக்கில் கொடுத்தாலும், கொடுக்க வேலை இல்லை என்பதற்காக முழுநேர மணிகளைக் குறைக்க முடியாது.

இங்கே முதலாளி என்பவர் ஐ-129 மனுவில் (எச்-1பி விண்ணப்பம்) கையெழுத்திட்ட வெண்டார். கிளையண்ட் மூடினார், பில்லிங் இல்லை என்பது வெண்டாருடைய வியாபாரப் பிரச்சினை. "நமக்குள் 80-20 ஏற்பாடு, பில் ஆனால்தான் பங்கு" (கிளையண்ட் தரும் பணத்தில் 80 சதவீதம் உங்களுக்கு, 20 வெண்டாருக்கு) என்ற வாதமும் எல்சிஏ சம்பளத்துக்குக் கீழே இறங்க உதவாது. முழு வாரம் மூடினால் நிறுத்தலாம் என்று முன்பு சொன்ன விதியும் எச்-1பி-க்காரரிடம் எடுபடாது. அடுத்த மாதச் சம்பளத்தில் "பெஞ்ச் கழிவு" (வேலையில்லாமல் இருந்த நாட்களுக்கான பிடித்தம்) என்று திரும்பப் பிடிப்பதும் அதே மீறல்தான், வேறு மாதத்தில் நடக்கிறது, அவ்வளவே. ஈ-3, எச்-1பி1 விசாக்களுக்கும் இதே விதி. எல்-1-க்கு எல்சிஏ கிடையாது, அதனால் இந்தப் பாதுகாப்பும் கிடையாது.

கிளையண்டின் மூடலாக இல்லாமல், உங்கள் முதலாளியே வருடாவருடம் தன் கம்பெனி முழுவதையும், எல்லா ஊழியருக்கும் ஒரேமாதிரி, சம்பளமின்றி மூடும் வழக்கம் வைத்திருந்தால் அங்கே வாதத்துக்கு இடம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்பது வீண் செலவல்ல.

எச்.ஆர். "டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை லீவு அப்ளை செய்துவிடுங்கள்" என்று மெயில் அனுப்பியிருக்கிறார். செய்யலாமா?

செய்வதற்கு முன் யோசியுங்கள். ஊழியர் தன் வசதிக்காகத் தானே கேட்டு எடுக்கும் விடுப்புக்கு மட்டும் எச்-1பி முதலாளி சம்பளம் தர வேண்டியதில்லை. அந்த மெயிலின் நோக்கமே மூடலை உங்கள் விருப்பமாக மாற்றிக் காகிதத்தில் பதிவதுதான். போர்ட்டலில் "சொந்தக் காரணம்" என்று ஒரு பெட்டியைத் தட்டிவிட்டால், நாளைக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

பதில் இப்படி இருக்கட்டும்: "நான் விடுப்பு கேட்கவில்லை. அந்த நாட்களில் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். கிளையண்ட் தளம் மூடியிருப்பதால் வேறு வேலையோ பயிற்சியோ இருந்தால் கொடுங்கள்." சண்டைத் தொனி வேண்டாம், சட்டப் பிரிவு எண்ணும் வேண்டாம். ஒரு நகலைச் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மெயில் என்றைக்கு வேண்டுமானாலும் மூடப்படலாம். சம்பளத்தோடு கூடிய விடுப்பில் கழித்துக்கொள்கிறேன் என்றால் சரி, சம்பளம் வந்துவிடுகிறது. சம்பளமில்லாத விடுப்புக்குத்தான் கையெழுத்துப் போடக் கூடாது.

அந்த நேரத்தில்தான் ஊருக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அப்போதும் சம்பளம் கேட்கலாமா?

ஷட்டவுன் அறிவிப்பு வரும் முன்பே, டிசம்பர் 10 முதல் ஜனவரி 10 வரை ஊருக்குப் போகிறேன் என்று நீங்களே விடுப்பு கேட்டிருந்தால், அந்த முழுக் காலமும் உங்கள் விருப்ப விடுப்பு. நடுவில் வரும் ஷட்டவுன் நாட்களைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கடினம். பொங்கல் வரை இருந்துவிட்டு வரலாம் என்று நீட்டுபவர்களும் கவனியுங்கள். நீண்ட காலம் சம்பளச் சீட்டு இல்லாமல் இருந்து, பிறகு வேறு முதலாளிக்கு மாறும்போது, சமீபத்திய பே ஸ்டப்களைக் கேட்டு யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) விளக்கம் கோரலாம். விடுப்பு ஒப்புதல் மெயில், விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

தரவே மாட்டேன் என்றால் எங்கே புகார் செய்வது?

தொழிலாளர் துறையின் ஊதிய-நேரப் பிரிவு. தொலைபேசி 1-866-487-9243. எச்-1பி புகாருக்கு டபிள்யூஎச்-4 என்ற படிவம். மீறல் நடந்து 12 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். கிரீன் கார்டு வேலை நடக்கிறது, முடியட்டும் என்று காத்திருந்தால் பழைய டிசம்பர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

இணைக்க வேண்டியவை: ஆஃபர் லெட்டர், எல்சிஏ நகல் (வேலையில் சேரும்போதே உங்களுக்குத் தந்திருக்க வேண்டும்), ஷட்டவுனுக்கு முந்தைய இரண்டு, பிந்தைய இரண்டு பே ஸ்டப்கள், ஷட்டவுன் அறிவிப்பு மெயில், நீங்கள் எழுதிய பதில். வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கமும் இருந்தால் நல்லது, ஏனென்றால் காகிதத்தில் முழுச் சம்பளம் காட்டிவிட்டுப் பணமாகத் திரும்ப வாங்கும் வெண்டார்களும் உண்டு.

புகார் செய்தவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம். பழிவாங்கலால் வேலை போய் ஸ்டேட்டஸும் போனால், புகாரின் ஆதாரத்தோடு விண்ணப்பிக்கும்போது யுஎஸ்சிஐஎஸ் அதைச் சிறப்புச் சூழ்நிலையாகக் கருத முடியும். முறைப்படி வேலையிலிருந்து நீக்கினால் 60 நாள் வரை அவகாசம் உண்டு. இத்தனை இருந்தும் பயம் இயல்புதான். அதனால்தான் பலர் முதலில் வேறு வெண்டாருக்கு மாறிவிட்டு, 12 மாதத்துக்குள் பழைய பாக்கிக்குப் புகார் கொடுக்கிறார்கள். அது நல்ல வழிதான்.

என்னிடம் சேர்ந்திருக்கும் விடுப்பை இந்த நாட்களுக்குப் போட முடியுமா?

ஏஜென்சி பிடிஓ (சம்பளத்தோடு விடுப்பு) கொடுத்தால் போடலாம், பெரும்பாலும் அவர்களே போடச் சொல்வார்கள். பிடிஓ-வே கிடையாது என்பவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். இல்லினாய்ஸில் 2024 முதல் 40 மணி வேலைக்கு ஒரு மணி வீதம், வருடம் 40 மணி வரை, எந்தக் காரணத்துக்கும் சம்பளத்தோடு விடுப்பு சேரும். ஏஜென்சி ஊழியருக்கும் உண்டு, சேர்ந்து 90 நாளுக்குப் பிறகு எடுக்கலாம். சிகாகோவுக்குத் தனிச் சட்டம். நெவாடா, மெய்ன் மாநிலங்களிலும் இதுபோல உண்டு, கம்பெனியின் அளவைப் பொறுத்து. அலுவலகம் மூடியிருக்கும் நாளில் "உங்களுக்கு ஷிஃப்டே இல்லையே, எதற்கு விடுப்பு?" என்று மடக்குவார்கள். ஷட்டவுன் அட்டவணை வரும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கலிபோர்னியாவின் 40 மணி நோய் விடுப்பு இதற்கு உதவாது. அது உடம்பு சரியில்லாததற்கு.

வேலையில்லாக் காப்பீடு கேட்கலாமா?

குடிமகன், கிரீன் கார்டுக்காரர் கேட்கலாம். எச்-1பி-க்காரர் வேறு முதலாளியிடம் உடனே வேலை செய்ய முடியாதவர் என்பதால் பெரும்பாலும் கிடைக்காது. அவர் கேட்க வேண்டியது சம்பளத்தை.

கலிபோர்னியா கணக்கைப் பாருங்கள். அங்கே வாரம் ஞாயிறு முதல் சனி, அதிகபட்சம் வாரத்துக்கு 450 டாலர். டிசம்பர் 20-இல் தொடங்கும் வாரத்தில் மூன்று நாள் சம்பளம் வந்துவிட்டதால் ஒன்றும் தேறாது. 27-இல் தொடங்கும் வாரம் பணம் தராத காத்திருப்பு வாரம். ஆகக் கையில் வருவது பூஜ்யம். பிறகு எதற்கு விண்ணப்பிக்க? ஜனவரியில் கான்ட்ராக்ட் முடியும் போலிருந்தால் காத்திருப்பு வாரம் முன்கூட்டியே கழிந்திருக்கும், அதுதான் லாபம். ஆனால் டிசம்பரில் விண்ணப்பித்தால் போன ஜூன் வரையிலான 12 மாத வருமானத்தை வைத்துத் தொகை முடிவாகும்; ஜனவரியில் விண்ணப்பித்தால் செப்டம்பர் வரை. ஜூலைக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் டிசம்பரில் அவசரப்படக் கூடாது.

மூடலை விடுமுறைக் காலமாகவே கருதி விண்ணப்பத்தை மறுக்கும் மாநிலங்களும் உண்டு.

மருத்துவக் காப்பீடு நின்றுவிடுமா?

ஒரு வாரத்துக்கு நிற்பது அபூர்வம். சம்பளமில்லாத காசோலையில் பிரீமியம் பிடிக்க முடியாது என்பதால் அடுத்ததில் இரட்டிப்பாகப் பிடிப்பார்கள், அதிர்ச்சியடைய வேண்டாம். மாதக் கணக்கில் தகுதி பார்க்கும் ஏஜென்சியில் மட்டும் 130 மணி என்ற எல்லையை (மாதத்தில் இவ்வளவு இருந்தால்தான் முழுநேர ஊழியர் கணக்கு) கவனியுங்கள். 2026 டிசம்பரில் 23-ஆம் தேதி வரை 17 வேலை நாள், 136 மணி. ஒரே ஒரு நாள் சம்பளமில்லாமல் காய்ச்சலில் படுத்தாலும் 128-க்கு இறங்கிவிடும். முந்தைய மாதங்களின் சராசரியைப் பார்க்கும் ஏஜென்சி என்றால் கவலையில்லை. எது என்று பெனிஃபிட்ஸ் பிரிவிடம் கேளுங்கள்.

1099 (ஊழியராக இல்லாமல் தனி ஒப்பந்தக்காரர்), சி2சி (சொந்தக் கம்பெனி வழியாக ஒப்பந்தம்) ஆட்களுக்கு?

ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியது மட்டும்தான். எச்-1பி-யில் இருந்துகொண்டு 1099 வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அரசு கான்ட்ராக்டில் வேலை. மாறுமா?

ஹெல்ப்டெஸ்க், தரவுப் பதிவு, காவல், துப்புரவு போன்ற வேலைகளுக்கு 1965-ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம் பொருந்தும்; அதன் ஊதிய ஆணைகளில் பொதுவாகக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு உட்பட 11 விடுமுறைகள் சம்பளத்தோடு உண்டு. விலக்குள்ள கணினி வல்லுநருக்கு இது பொருந்தாது. நிதி ஒப்புதல் இல்லாமல் அரசே முடங்குவது வேறு கதை. 2018-19-இல் 35 நாள், 2025-இல் 43 நாள் முடங்கியபோது அரசு ஊழியருக்குப் பின்னர் சம்பளம் கிடைத்தது. அதற்கு 2019-இல் ஒரு சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தில் கான்ட்ராக்டர் இல்லை.

புது கான்ட்ராக்ட் வருகிறது. கையெழுத்துக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

ரிக்ரூட்டர் மணிக்கு 60 என்றதும் மனதுக்குள் வருடத்தின் வேலை மணிகளான 2,080-ஆல் பெருக்கி 1,24,800 என்று சந்தோஷப்படுகிறோம். அதில் ஷட்டவுன் 56 மணி, மெமோரியல் டே முதல் தேங்க்ஸ்கிவிங் மறுநாள் வரை ஐந்து நாள் 40 மணி கழித்தால் 1,984 மணிதான், அதாவது 1,19,040. அதே 1,24,800 வேண்டுமென்றால் 62.90 கேட்க வேண்டும். "உங்கள் கிளையண்டுக்கு ஷட்டவுன் உண்டு, அதனால் 63" என்று காரணத்தோடு கேட்டால் ரிக்ரூட்டரும் பேச வழி இருக்கும். சேர்ந்த பிறகு இந்தப் பேச்சு எடுபடாது.

கூடவே: போன வருடம் கிளையண்ட் எந்தத் தேதிகளில் மூடியது, இந்த வருட அட்டவணை எப்போது வரும், ஏஜென்சி எந்தெந்த விடுமுறைக்குச் சம்பளம் தரும், அதற்கு எத்தனை மணி வேலை முடித்திருக்க வேண்டும், விடுமுறைக்கு முந்தின நாளும் மறுநாளும் வேலை செய்தால்தான் உண்டா? கடைசிக் கேள்வி முக்கியம். ஷட்டவுனில் முந்தின நாளும் மறுநாளும் கிளையண்டே மூடியிருப்பதால், தருவதாக எழுதியிருக்கும் கிறிஸ்துமஸ் சம்பளமும் அந்த ஒரு வரியால் கிடைக்காமல் போகும். "கிளையண்ட் மூடிய நாள் வேலை நாளாகக் கொள்ளப்படாது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். எதையும் போனில் ஒத்துக்கொண்டதோடு விடாமல், அன்று மாலையே "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டு வையுங்கள்.